செவ்வாய்க்கிழமை மேடு

மார்ச் 2

முனிவருக்கு,

போனை எடுக்காதவருக்குக் கடிதம் போடாமல் வேறென்ன செய்வது? கட்டிய பெண்டாட்டி அக்கா வீட்டுக்கு வந்துவிட்டதையாவது கவனித்தீர்களா? ஆபீசில் எனக்கு இடமாற்ற உத்தரவு வந்திருக்கிறது, வெகு தூரம். சம்மதமா என்று மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். ‘போகாதே’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், நின்றுவிடுகிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

வாயாடி

மார்ச் 12

அன்பு வாயாடிக்கு,

கோபிக்காதே, பெரிய விஷயம் நடந்திருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் திரவப் படிகத்துக்குள் லேசரை விட்டால், சிதறி வரும் வெளிச்சம் மினுமினுக்கும். மூலக்கூறுகள் தாங்கள் இருந்த நிலையை எவ்வளவு நேரம் நினைவு வைத்திருக்கின்றன என்று அந்த மினுமினுப்பை வைத்துத்தான் கணக்கிடுகிறேன். நினைவு சரிந்துகொண்டே போய் அடங்கிவிடும், அதுதான் வழக்கம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அடங்கிய நினைவு மறுபடி தலைதூக்கியது! வரைபடத்தில் அழகான மேடு. இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அப்புறம் வரவேயில்லை. இருந்தாலும் கட்டுரையை மாநாட்டுக்கு அனுப்பிவிட்டேன். உன் விஷயத்தை அப்புறம் நிதானமாகப் பேசலாம்.

முனிவர்

மார்ச் 16

முனிவருக்கு,

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் அங்கேதான் இருந்தேன். பதிலைக் காணோமே என்று பஸ் பிடித்து வந்தேன். உங்கள் ஆய்வுக்கூடக் கதவுக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது எரியும்போது யாராவது கதவைத் தட்டினால் உழைப்பெல்லாம் பாழ் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்? தட்டலாமா வேண்டாமா என்று அந்த மரத்தரை வராந்தாவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். இருட்டியதும் திரும்பிவிட்டேன்.

சம்மதக் கையெழுத்து போட்டாயிற்று. அடுத்த திங்கட்கிழமை கிளம்புகிறேன். உங்கள் மேடு நன்றாக இருக்கட்டும்.

வாயாடி

மார்ச் 18

என் வாயாடிக்கு,

படித்ததும் அட்டெண்டரை ஷூ போட்டுக்கொண்டு வராந்தாவில் நடக்கச் சொன்னேன். மேடு வந்தது. மூலக்கூறுகள் புதிதாக ஒன்றும் செய்யவில்லை, நீதான் நடந்திருக்கிறாய். உன் காலடி அதிர்வு தரை வழியாக என் மேஜைக்கு ஏறியிருக்கிறது.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். “என்னய்யா கோளாறு?” என்றார் பேராசிரியர். “வெளியே என் சம்சாரம் நின்னிருக்கா சார், எனக்குத் தெரியலை” என்றேன்.

‘போகாதே’ என்று சொல்ல இனி எனக்கு வாயில்லை. பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு வாசலுக்கு வருகிறேன். நானும் கொஞ்ச நேரம் அங்கே குறுக்கும் நெடுக்குமாக நடப்பேன். ஆனால் உன்னைப் போலத் திரும்பிவிட மாட்டேன், தட்டுவேன்.

முனிவர்