லோடு இல்லாமல் எடுத்த ரீடிங்

சோலார் பேனலில் பற்றவைத்த சால்டர் ஈயம் சூடாகும் வாடை வந்தாலே உன்மேல் கோபம் வருகிறது. இன்று காலை கோலார் பக்கம் மைசூர் மைன்ஸில் ஒரு மளிகைக்கடை மாடியில் வந்தது.

பேனல் பழசு. மீட்டரில் இருபத்தொரு வோல்ட். "புதுசாட்டம் காட்டுது பாருங்க தம்பி" என்றார் கடைக்காரர். நான் எப்போதும் பையில் சுமக்கும் அந்த லாரி ஹெட்லைட் பல்பை எடுத்துப் பேனல் ஒயரில் மாட்டினேன். முழு வெயிலிலும் இழை லேசாகச் சிவந்ததோடு சரி. பேனலின் பின்பக்கம் கை வைக்க முடியவில்லை.

இதற்காகத்தானே கோரமண்டல் சர்ச் மாடியில் உன்னிடம் கத்தினேன்? நீ மீட்டரோடு நிறுத்திக்கொள்வாய். "இருபத்தொண்ணு காட்டுது. இன்னும் இன்னாடா வோணும் உனக்கு?"

"லோடு போட்டு கரண்ட் இழுத்தாத்தான்டா உள்ள இருக்கிற ரெசிஸ்டன்ஸ் தெரியும். சும்மா இருக்கசொல்லோ எல்லாப் பேனலும் நல்ல பேனல்தான்."

மின்னோட்டம் இல்லையென்றால் உள் தடையில் இழப்பும் இல்லை. மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டும். ஓட்டம் கூடக்கூட, வெயில் கொடுத்ததைப் பேனல் தனக்குள்ளேயே சூடாக்கித் தின்றுவிடும். அதற்கு விரிசல் விட்ட ஒரு சால்டர் போதும். ஐந்து வருடம் சேர்ந்து வேலை பார்த்தும் உனக்கு இது ஏறவில்லை. "பல்பு சாமியாரே, இறங்கு, டீ ஆறுது" என்பாய்.

அன்று அந்தச் சர்ச் மாடி ஏணியிலேயே பாதியில் நின்று நெஞ்சைப் பிடித்தாய். வியர்த்து ஊற்றியது. கோலார் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். படுக்கவைத்து ஈசிஜி எடுத்தார்கள். மறுநாள் வந்து டிரெட்மில்லில் நடந்து காட்டச் சொன்னார் டாக்டர். நீ வாசலிலேயே தாளை என் முகத்துக்கு நேரே ஆட்டினாய். "நார்மல்! பாத்துக்கோ. மறுபடி எவன் வருவான் இவ்ளோ தூரம்?"

வேலை பாக்கியிருந்தது. "சரி, வா" என்றேன்.

ஒரே வாரம். பேனலைத் தோளில் வைத்துப் படி ஏறும்போது விழுந்தாய். எழுந்திருக்கவே இல்லை. முப்பத்துமூன்று வயது. உன் மனைவி என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நீங்க கூடத்தானேண்ணா இருந்தீங்க?"

உன்மேல் கோபம்தான், மறைக்கப் போவதில்லை. ஆனால் நீ மீட்டரோடு நிற்கிறவன். எனக்கு என்ன வந்தது? படுத்துக் கிடந்தவனிடம் எடுத்த ரீடிங்கை நான் எப்படி ஒத்துக்கொண்டேன்?

இன்று பல்பைக் கழற்றும்போது கடைக்காரர் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கினார். "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் கீறேன்."

"கடையைச் சாத்துங்க. கோலாருக்குப் போலாம்."

"நீ பேனலப் பாக்க வந்தியா, என்னப் பாக்க வந்தியா?"

வழியெல்லாம் என்னைத் திட்டினார். திட்டட்டும்.

பல்பு பையில் இருக்கிறது. அதே ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே அவரை நடக்கவைத்துப் பார்க்கிறார்கள். டிரெட்மில் பெல்ட் ஓடும் சத்தம் கேட்கிறது. இந்தச் சத்தத்தைத்தான் அன்றைக்கு நான் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.