மூச்சு முடிகிற இடம்

சாம்பியன் ரீப்ஸ்,
ஞாயிறு காலை.

அன்புள்ள மனோகர் அண்ணனுக்கு,

தங்கை பவ்யா எழுதுவது. நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். குடியாத்தத்தில் அத்தை வீட்டில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். ஜாமீனில் இருக்கும் நீ, சாட்சியான என்னோடு பேசக் கூடாதாம். போன் செய்தால் தெரிந்துவிடும் என்கிறார் வக்கீல். அதனால் இதை உன் சிநேகிதன் எல்வின் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

அப்பாவின் கழுத்து வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் தலையைத் திருப்ப முடியவில்லை. கூப்பிட்டால் உடம்போடு திரும்புகிறார். தங்கச் சுரங்கத் தூசியால் முன்பே இளைப்பு. இப்போது படுத்தால் நெஞ்சில் விசில் சத்தம்.

புதன்கிழமை, உன்மேல் கேஸ் போட்ட ரூபேஷின் ஆட்கள் வந்தார்கள். கதவை உதைத்து உடைத்து, வாசலிலிருந்து அடுப்படி வரை பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றினார்கள். ஒருவன் தீப்பெட்டியை என் காதருகே ஆட்டி, "இன்னாம்மா டிகிரி, கோர்ட்டுல இன்னா சொல்லப் போற?" என்று கேட்டான். எழுந்து வந்த அப்பாவை மார்பில் மிதித்தான். பக்கத்து வீட்டுத் தாயம்மா அக்கா கொதிக்கிற ரசத்தோடு ஓடிவந்து, "கொளுத்துடா பாக்கலாம், மொதல்ல உன் மூஞ்சி வேகும்" என்று கத்திய பிறகுதான் போனார்கள். எவ்வளவு கழுவியும் வீட்டில் கோல்ப் கிரவுண்டு வாசனை போகவில்லை.

அந்த வாசனை வந்தாலே அந்த நாளும் வந்துவிடுகிறது. நம் கிரவுண்டில் குழியைச் சுற்றிப் புல் ஏது, ஆயில் பிசைந்த மணல்தானே. அப்பா வழக்கம்போல் கோணியை இழுத்து, பந்துக்கும் குழிக்கும் நடுவே வழியைச் சமன் செய்து கொடுத்தார். கைக்கெட்டும் தூரத்தில் இருந்த குழியை ரூபேஷ் தவறவிட்டான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். "கோணலா இஸ்த்து உட்டியேடா கெழவா" என்று, குனிந்திருந்த அப்பாவின் கழுத்தில் மட்டையால் அடித்தான். மணலில் குப்புற விழுந்தவரை மறுபடி அடித்தான். சோறு கொண்டுவந்த நான் தூக்குவாளியோடு நின்றேன். குரல் வரவில்லை. பிறகு மட்டையை, அவன் பையைச் சுமந்து நின்ற உன்னிடம் நீட்டி, "தொடச்சி பையில வை" என்றான்.

நீ ஆத்திரத்தில் கண் மண் தெரியாமல் வீசிவிட்டாய் என்று வக்கீல் என்னைச் சொல்லச் சொல்கிறார். நான் பார்த்தது வேறு அண்ணா. நீ மட்டையைத் துடைத்தாய். கால்களைச் சரியாக வைத்தாய். தோளைத் தளர்த்தி, மூச்சை இழுத்து, மெதுவாக விட்டாய். விட்டு முடித்த இடத்தில் அவன் முட்டியில் அடித்தாய். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் விழுந்து அலறும்போது, அதேபோல் இன்னொரு மூச்சு விட்டு, மற்ற முட்டியையும் அடித்தாய்.

முதல் சத்தத்தில் எனக்கு மனம் ஆறியது. அதையும் மறைக்க மாட்டேன். இரண்டாவதில்தான் உன் முகத்தைப் பார்த்துப் பயந்தேன். நல்லபடி ஆடி முடித்தவன் முகம் அது.

அந்த மூச்சு எனக்கும் தெரியும். காலேஜ் பரீட்சைக்காக எல்லார் முன்னாலும் எழுந்து பேச வேண்டிய நாளில் பயத்தில் வாந்தி எடுத்தேனே, அன்று நீதான் சொன்னாய்: "பந்து உருட்டற மாதிரிதான் பவ்யா பேச்சும். இஸ்த்துப் புடிச்சிக்காத, மெதுவா உடு. மூச்சு முடியற எடத்துல நடுக்கம் இருக்காது." அப்படித்தான் பேசினேன், பாஸானேன்.

அடுத்த மாதம் என்னைக் கூண்டில் ஏற்றுவார்கள். நீ சொல்லிக் கொடுத்தபடி மூச்சு விட்டால்தான் எனக்குக் குரலே வரும். அந்தக் குரலில் எனக்குப் பொய் வராது. அதற்கு முன்னால் நீயே எழுந்து சொல்லிவிடு. அவன் அப்பாவை அடித்ததையும் சொல், நீ அடித்ததையும் சொல்.

தீப்பெட்டிக்காரனை வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று எல்வினிடம் சொன்னாயாம். வராதே.

மணலில் முகம் புதைந்து கிடந்ததால் அப்பா எதையும் பார்க்கவில்லை. நேற்று உடம்போடு என் பக்கம் திரும்பி, "அவன் கோவத்துலதானம்மா அடிச்சான்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்னிடம் இருந்தது அந்த ஒரு பொய்தான். அதை அவருக்குக் கொடுத்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். இனி யார் முன்னால் நின்றாலும் உன் கை நடுங்க வேண்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொள்கிறேன்.

உன் தங்கை,
பவ்யா