கேள்விக்குப் 'புரிந்தது' என்றேன்

என் வாயாடி அக்காவுக்கு,

ஊர் ஊராய்ப் பேசிய உன் ஹாம் ரேடியோவைத் தொட ஆள் இல்லை என்று நினைத்துவிடாதே. நான்தான் தொடுகிறேன். தேர்வு எழுதி, என் பெயரில் லைசென்ஸ் வாங்கி, என் அழைப்புக் குறியோடு. கல்லூரியைப் பாதியில் விட்டவனா தேர்வு எழுதினான் என்று சிரிக்காதே. சதுரங்கப்பட்டினத்து உப்புக் காற்றில் மொட்டைமாடி ஏரியல் கம்பி அறுந்துவிட்டது. அதையும் கட்டியாச்சு.

எல்லாம் உன் விசாகப்பட்டினத்து ராவ் அங்கிளால்தான். ஞாயிறு காலையானால் மோர்ஸ் தந்திக் குறியில் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்த டிட் டா இரைச்சலில் உன் அழைப்புக் குறி மட்டும் எனக்குப் பிடிபடும். நீ இல்லை என்று அவருக்கு யார் சொல்வது?

'நான் அவள் தம்பி. அவள் இறந்துவிட்டாள்.' இங்கிலீஷில் இதை மட்டும் மோர்ஸாக மனப்பாடம் செய்தேன். இப்போது மாமல்லபுரத்தில் பைக் வாடகைக்கு விடும் கடையில் வேலை. அங்கே மேசையைத் தட்டித் தட்டியே பழகினேன். "இன்னாடா, மேசைக்கு நாடி புடிச்சிகினு கீற?" என்பார் முதலாளி.

போன ஞாயிறு அடித்தேன். சும்மா இல்லை, உன் வேகத்தில். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நாம் அடிக்கும் வேகத்திலேயே பதில் தருவதுதான் உங்கள் ஆட்களின் மரியாதையாமே?  பொரி பொரிவதுபோல் படபடவென்று பதில் வந்தது. ஓர் எழுத்துகூடப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் தெரிந்தது. கேள்விக்குறி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? 'புரிந்தது, நன்றி' என்று அடித்துவிட்டு ரேடியோவை அணைத்துவிட்டேன். உன் சாவுச் செய்தி கேட்ட மனுஷன் ஏதோ கேட்கிறார், நான் புரிந்தது என்கிறேன்.  கல்லூரி வகுப்பிலும் இதைத்தானே செய்தேன்? "புரிலன்னா புரிலன்னு சொல்லேன்டா, வாய்ல இன்னா கொழுக்கட்டையா?" என்று நீ எத்தனை தரம் திட்டியிருப்பாய்.

இன்று காலை அவரைத் திரும்பக் கூப்பிட்டேன். 'மெதுவாக. போன வாரம் எனக்குப் புரியவில்லை' என்று அடிக்கும்போது காது சுட்டது. அவர் கோபப்படவில்லை. நான் எழுதிக்கொள்ள நேரம் விட்டு, ஒவ்வோர் எழுத்தாக அனுப்பினார். முடிந்ததும் படித்துப் பார்த்தேன்.

'அம்மா எப்படி இருக்கிறார்?'

அக்கா, எனக்குப் பதில் தெரியவில்லை. நீ போனதிலிருந்து நான் அவளை அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அடுப்படிக்கு ஓடினேன்.

"மா, நீ எப்டி கீறேன்னு அக்காவோட சிநேகிதர் கேக்கறாரு."

மீன் ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது. நிமிரவில்லை.

"இன்னா சொல்றது... கீறேன்னு சொல்லு."

"நல்லா கீறேன்னு சொல்லட்டா?"

"நல்லான்னு நான் சொன்னேனாடா?"

அவள் சொன்னதை மட்டும் மெதுவாக அனுப்பினேன்.

இனி யாரும் கேட்கச் சொல்லாமலே அவளைக் கேட்பேன் அக்கா. பதில் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

உன் கூடப்பிறந்தவன்