கேட்லியாவுக்கு இருட்டு வேண்டுமாம்

திருத்தணி,
ஆவணி மாதம்.

என் பிரியமான பாவா,

நீங்கள் போய் இரண்டு ஐப்பசி கடந்துவிட்டது. உங்கள் கேட்லியா ஆர்கிட் இரண்டு தடவையும் பூக்கவில்லை. இலைக்கு மட்டும் குறைச்சலில்லை, எருமை நாக்கு மாதிரி தடித்துக் கிடக்கிறது.

“செடியும் துக்கம் காக்குது” என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அழுவதற்கு எனக்கும் ஒரு துணை வேண்டாமா?

ஆடிக் கிருத்திகைக்கு அரக்கோணத்திலிருந்து நம் மகள் வந்தாள். உங்கள் அறையை எட்டிப் பார்த்ததும் கத்தினாள்.

“ஏம்மா, ராவெல்லாம் லைட்ட போட்டுகினு இருந்தா இது எப்டிம்மா பூக்கும்? நைனா எத்தினி வாட்டி சொல்லிகினு இருந்தாரு!”

சொன்னீர்கள்தான். பகல் சுருங்கி இரவு நீள்வதை வைத்துத்தான் அது பூக்கும் காலத்தை அறியுமாம். இரவில் பல்பு எரிந்தால் இன்னும் கோடைதான் என்று ஏமாந்துவிடுமாம். பொழுது சாய்ந்தால் அந்த அறையில் ஸ்விட்சைத் தொடவிட மாட்டீர்கள். இந்தக் கரிசனத்தில் பாதியைக் கட்டியவளிடம் காட்டினால் என்ன என்று சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

மகளுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. கடைசி நாள் நீங்களே, “இன்னிக்கி ஒரு நாளு லைட்டு இருக்கட்டும்டி” என்றீர்கள். “உங்க செடிக்கு ஆவாதே பாவா” என்று கிண்டலாகச் சொல்லிவிட்டு லைட்டை அணைத்தேன். காலையில் காபியோடு வந்தபோது உங்கள் கை சில்லிட்டிருந்தது.

இருட்டில் என்னைக் கூப்பிட்டீர்களா? பயந்தீர்களா? நான் யாரைப் போய்க் கேட்பேன்?

அன்றிலிருந்து அந்த லைட்டை அணைக்கவில்லை. கருமாதியோடு விளக்கு போதும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகளிடம் காரணம் சொல்ல வாய் வராமல், “அணைச்சிடறேன்” என்றேன். அவள் ரயிலேறியதும் ஸ்விட்சில் கை வைத்தேன். முடியவில்லை பாவா.

இப்போது ஒரு வழி கண்டிருக்கிறேன். பொழுது சாய்ந்ததும் தொட்டியைத் தூக்கிப் போய், சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையில் வைத்துக் கதவைச் சாத்துகிறேன். விடிந்ததும் உங்கள் ஜன்னலுக்கே கொண்டுவருகிறேன். முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது. மொட்டு இன்னும் ஒன்றையும் காணோம். இந்த ஐப்பசியிலாவது பூக்குமோ என்னவோ.

பூத்தாலும் பூக்காவிட்டாலும், என் கையில் தெம்பிருக்கும் வரை தினமும் தூக்குவேன். செடி அதன் இருட்டில் இருக்கட்டும். உங்கள் அறையில் லைட்டு இருக்கட்டும்.

உங்கள் மாமன் மகளும் பெண்டாட்டியுமான
சரோஜா