என் மகன் கையில் ஒட்டிய புழு மருந்து

அனுப்புநர்
கோ. உத்திராபதி,
த/பெ கோவிந்தசாமி,
மேலத் தெரு, கீரப்பாளையம்,
சிதம்பரம் வட்டம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்
வேளாண்மை இணை இயக்குநர் அவர்கள்,
கடலூர்.

பொருள்: புழு மருந்தை மறு ஆய்வு செய்யக் கோரிச் சித்திரை மாதம் நான் கொடுத்த மனுவின் மீது எடுக்க வேண்டிய நடவடிக்கை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் சம்பா பயிர் செய்யும் விவசாயி. யாரையும் எளிதில் நம்புகிறவன் அல்ல. விதை நெல் வாங்கினால்கூட மூட்டையைப் பிரித்துக் கொட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன். இதைத் தாங்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

1. சென்ற 2008 கார்த்திகையில் எங்கள் ஊர் உரக்கடைக்காரர் ஞானசேகரனிடம் இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்து வாங்கினோம். என் மகன் செந்தமிழ்செல்வன் அதை வயலில் அடித்தான். முதுகில் மாட்டியிருந்த தெளிப்பான் ஒழுகி, மருந்து அவன் கைகளில் வழிந்துவிட்டது. வாய்க்காலில் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து தன் குழந்தையைத் தூக்கினான். அன்று மாலை, ஆறு மாதக் குழந்தையாக இருந்த என் பேத்தி வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரியில் சளி என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார்கள், மறுநாளே குழந்தை சரியாகிவிட்டது. என் மகனுக்குத்தான் சரியாகவில்லை.

2. அன்று முதல் கை கழுவுகிறான். துணி சோப்பு, சீயக்காய், அடுப்புச் சாம்பல் என்று எதையும் விடுவதில்லை. தோல் வெடித்து இரத்தம் கசிகிறது. கதவை முழங்கையால் தள்ளுகிறான். பெற்ற பிள்ளையைத் தொடுவதில்லை. அது தவழ்ந்து கிட்டே வந்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறான். நடை பழகும்போது குழந்தை விழுந்தது. அப்போதும் தூக்காமல், “காயத்ரி, சீக்கிரம் வா, புள்ள வுழுந்துடுச்சி” என்று மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றான். 

3. மருந்தில் ஏதோ கலந்திருக்கிறார்கள், அது தோலில் ஊறிவிட்டது என்று சந்தேகப்பட்டுத் தை மாதத்தில் என் முதல் மனுவைக் கொடுத்தேன். தங்கள் அலுவலர் கடையில் மாதிரி எடுத்துப் போனார். மருந்தில் கலப்படம் இல்லை என்று அறிக்கை வந்தது. மகன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான், அன்று மாலை குழந்தைக்குப் பக்கத்தில்கூட உட்கார்ந்தான். மறுநாள் காலை, “அப்பா, கடையில இருந்த டப்பாவத்தான எடுத்தாங்க? நாம வாங்குன டப்பா இல்லியே?” என்றான். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. வீட்டில் மிச்சமிருந்த டப்பாவோடு சித்திரையில் கடலூர் வந்து இரண்டாவது மனு கொடுத்தேன். பதில் வரவில்லை. யார் தடுக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

4. இதற்கிடையில் மருமகள் காயத்ரி, என்னிடம் சொல்லாமல் மகனைச் சிதம்பரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்கிறாள். தெரிந்ததும் சத்தம் போட்டேன். “மாமா, நீங்க எந்த ஆபீசுக்கு வேணாலும் போங்க. அவுரு கைய சரி பண்ற வழி அந்த டப்பாவுல இல்ல” என்றாள். அடுத்த முறை நானும் கூடப் போனேன். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஞானசேகரன் கடைக் காலண்டர் தொங்கியது. அது வட்டாரம் முழுக்கத் தொங்குகிறது, என் வீட்டிலும் உண்டு. இருந்தாலும் மனத்தில் வைத்துக்கொண்டேன்.

5. மருத்துவர் ஒரு பெண்மணி. இது எண்ணச் சுழற்சி நோய் என்றார். பைத்தியம் அல்ல, செய்வினை அல்ல, திமிரும் அல்ல என்றார். குழந்தைக்குத் தன்னால் ஏதாவது ஆகிவிடும் என்ற எண்ணம் வந்து வந்து பயமுறுத்துமாம். கழுவினால் சற்று நேரம் நிம்மதி. அந்த நிம்மதியே மறுபடியும் கழுவ வைக்குமாம். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், கூடவே பயப்படுவதைச் சிறிது சிறிதாகத் தொட்டு, கழுவாமல் இருந்து பழக வேண்டும் என்றார். கழுவாதே என்று சொல்லும் மருத்துவரை நான் கேள்விப்பட்டதே இல்லை. கடைக்காரரைக் காப்பாற்றத்தான் நோயைக் கையிலிருந்து மனத்துக்கு மாற்றுகிறாரோ என்று நினைத்தேன்.

6. பிறகு, வீட்டில் மகன் என்னிடம் என்ன கேட்பான் என்று விசாரித்தார். கையை நீட்டி, “நெடி அடிக்குதா பாருப்பா” என்பான், நான் முகர்ந்து பார்த்து இல்லை என்பேன் என்றேன். அதையும் நிறுத்தச் சொன்னார். நான் சொல்லும் பதிலும் கை கழுவுவது போலத்தானாம், ஆய்வறிக்கையும் அப்படித்தானாம். இன்னொரு அறிக்கை வந்தால் அதற்கு மேல் ஒன்று கேட்பான் என்றார். பெற்ற மகன் கேட்பதற்குப் பதில் சொல்லாதே என்பது என்ன வைத்தியம் என்று கோபமாக எழுந்து வந்துவிட்டேன். ஆனால் ஐயா, அறிக்கை வந்த மறுநாள் காலை நடந்ததை நான் அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை. பேருந்தில் வரும்போதுதான் அது உறைத்தது.

7. நேற்று ஞாயிற்றுக்கிழமை. குழந்தையின் கொலுசுத் திருகு கழன்றிருந்தது. மருத்துவர் சொன்ன பயிற்சி என்று சொல்லி, என் மகன் அதன் காலைப் பிடித்துத் திருகை மாட்டினான்.  கழுவப் போகவில்லை. வியர்த்துக் கொட்ட என் முன்னால் வந்து, “ஒரே ஒரு தடவ பாத்து சொல்லிடுப்பா” என்று கையை நீட்டினான். “இதுக்கு நான் பதில் சொல்ல மாட்டன்பா, ஒங்கூட ஒக்காந்திருக்கன்” என்றேன். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று மருமகள் சொல்லிக் கொடுத்திருந்தாள். அவன் அழுதான், நானும் அழுதேன். ‘இல்லை’ என்ற ஒரு சொல்லை விழுங்குவது அவ்வளவு கஷ்டமாக இருந்தது. வெகுநேரம் கழித்து அவனே கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டான். குழந்தை அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவன் எழுந்து போகவில்லை.

8. கடைக்காரர் மீது எனக்குள்ள சந்தேகம் இன்னும் தீரவில்லை. ஆகவே ஆய்வில் தவறு தெரிந்தால் கடை மீது தாங்கள் உரிய நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் எந்த முடிவானாலும் அதை என் முகவரிக்கு அனுப்ப வேண்டாம். அலுவலர் யாரும் வீட்டுக்கு வந்து விசாரிக்கவும் வேண்டாம். முடிவு என் கைக்கு வந்தால் மகனிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

இதற்குப் பிறகும் நான் இதே விஷயமாக மனுவோடு தங்கள் அலுவலகத்துக்கு வரக்கூடும். அப்போது நம்பும்படியான ஒரு காரணமும் என்னிடம் இருக்கும். அதைக் கேட்காமல், மனுவை வாங்காமல், என்னை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடும்படி தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கீரப்பாளையம்
நாள்: 20.07.2009

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கோ. உத்திராபதி)