ஊசிக்கு எங்களைக் கூட்டிப் போன அண்ணாவுக்கு

அன்புக்கும் இன்னும் ஆறாத கோபத்துக்கும் உரிய என் அண்ணா,

உன் கதையை முகநூலில் எழுதிவிட்டேன். ஓட்டோவில் சாய்ந்து நீ சிரிக்கும் படத்தையும் போட்டேன். உன்னிடம் கேட்காமல் செய்தது சரியா? தெரியவில்லை.

கொரோனா காலத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதினேன். தன்னாமுனைப் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட்ட அன்று, அம்மாவையும் என்னையும் உன் மனைவி மச்சாளையும் உன் ஓட்டோவில் நீதான் ஏற்றிப் போனாய். அம்மாவை வரிசையில் விட்டுவிட்டு வாசலுக்குத் திரும்பினாய். நான் கூப்பிட்டேன்.

"நீங்க போடுங்க. எனக்கு வேணாம். ஆம்புளையள் போட்டா ரெண்டு வருசத்தில செத்துருவாங்களாம். வாய்ஸ் வந்திருக்கு."

அந்த ஒலிப்பதிவை உனக்கு அனுப்பியவர் நம் சித்தப்பா. பேசியது யாரென்று அவருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. பெயர் தெரியாத ஒருவனை நம்பினாய். கூடப் பிறந்தவளை நம்பவில்லை. இதுதான் எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை.

இரண்டு மாதம்கூடப் போகவில்லை. கொரோனா பிடித்து, ஆசுபத்திரிக் கட்டிலில் இருந்து எனக்குப் போன் எடுத்தாய். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாய். "தங்கச்சி, இப்ப அந்த ஊசியப் போட ஏலாதா? கேட்டுப் பாரு."

யாரிடம் கேட்பேன், அண்ணா? அடுத்த கிழமை உன்னை மூடிய பெட்டியாகத்தான் கண்டோம். போட்டிருந்தால் கட்டாயம் பிழைத்திருப்பாய் என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. பிழைக்க ஒரு வழி கிடைத்தும் வேண்டாம் என்றாயே, அதைத்தான் எழுதினேன்.

ஏன் இப்போது? உன் மகள் யதுசா ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசிக்குப் பள்ளிக்கூடத்தில் சம்மதக் கடிதம் கொடுத்தார்கள். மறுநாளே நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓர் ஒலிப்பதிவு. இந்த ஊசி போட்டால் பிள்ளை பிறக்காதாம். அனுப்பியது யார்? அதே சித்தப்பா! உன் பெட்டியைப் பார்த்து நெஞ்சில் அடித்து அழுத அதே மனிதர்! மச்சாள் பயந்துபோய்க் கடிதத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் எழுதினேன். சித்தப்பா எனக்குப் போன் எடுத்தார்.

"செத்தவன்ட பேர நாறடிச்சு லைக் வாங்குறியா? உடன அழி."

"நீங்க அனுப்பினத மொதல்ல அழிங்க."

"வந்தத அனுப்பினன். அதில என்ன பிழை?"

அதற்கு மேல் என்னால் மரியாதை பார்க்க முடியவில்லை. "அதக் கேட்டுத்தான் அண்ணா செத்துப் போனாரு!" என்று கத்தினேன். குழுவில் இருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள்.

சொந்தம் திட்டியபோது முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். ஓட்டமாவடியில் இருந்து ஒரு முஸ்லிம் தாய், அண்ணா என்பதை நானா என்று சொல்லி: "உங்கட நானாட கதைய என்ட மகளுக்கு வாசிச்சுக் காட்டினன். நாளைக்குக் கையெழுத்து வெச்சு அனுப்புறன்."

மச்சாள் இரண்டு நாள் என் பக்கமே வரவில்லை. பிறகு வந்து, "அவரு ஆசுபத்திரியில அப்பிடிக் கேட்டத ஏன் மச்சாள் எனக்குச் சொல்லல்ல?" என்று கேட்டாள். சொல்லவில்லைதான். உன் கடைசிப் பயத்தை அவளுக்கும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நின்ற நிலையிலேயே அழுதாள். அன்றே கையெழுத்து வைத்தாள்.

போன செவ்வாய் யதுசாவுக்கு ஊசி போட்டார்கள். கையைத் தடவிக்கொண்டு, "இவ்வளவுதானா மாமி?" என்றாள். இவ்வளவுதான், அண்ணா. இவ்வளவுக்காகவா நீ போனாய்?

அந்தப் பதிவை அழிக்க மாட்டேன். ஒரு நாள் சித்தப்பா வீட்டுக்கும் போவேன். போனில் கத்தியதை முகத்துக்கு நேரே, கத்தாமல் சொல்லுவேன். உன்னை மன்னிப்பதைப் பற்றி மட்டும் இப்போதைக்கு வாக்குத் தர மாட்டேன்.

உன்னோடு சண்டை தீராத,
தங்கச்சி