நாமினி கட்டத்தில் உன் பெயர்

மார்ச் 3

அன்புள்ள அம்மாடிக்கு,

மாமா எழுதுகிறேன். சௌக்கியமா என்று ஆரம்பித்தால், "விஷயத்துக்கு வாங்க மாமா" என்பாய். வந்துவிடுகிறேன்.

லிஃப்ட் கம்பெனியில் ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தை, நீ இந்த வீட்டு மருமகளாக இருந்த சமயம் சொன்னபடி, பாதியை பேங்க் டெபாசிட்டிலும் மீதியை மியூச்சுவல் ஃபண்டிலும் போட்டேன் அல்லவா? இப்போது இரண்டும் சேர்ந்து என் தூக்கத்தைக் கெடுக்கின்றன. பேங்கில் வட்டியிலேயே 'வரிப் பிடித்தம்' என்று ஒரு துண்டைக் கிள்ளிவிட்டார்கள். ஃபண்டில் போட்டதில் பத்தில் ஒரு பங்கைக் காணோம். மிச்சம் இருப்பதையாவது உருவிக்கொண்டு ஓடிவிடலாமா என்று பார்க்கிறேன்.

அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆனால் பேங்க் டெபாசிட் காகிதத்தில் 'நாமினி' என்ற இடத்தில் இன்னும் உன் பெயர்தான் இருக்கிறது. உன் முன்னாள் வீட்டுக்காரன் கண்ணில் அது பட்டுவிட்டது. "டைவர்ஸ் ஆகி ஆறு மாசம் ஆச்சு. இன்னும் சொத்தை அவ பேர்லதான் எழுதி வச்சிருக்கீங்களா? அப்போ நான் யாருப்பா?" என்று கத்தினான். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போய்விடுகிறான்.

பெயர் மாற்றும் படிவம் வாங்கி வந்துவிட்டேன். பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். உன் பெயரை அடித்தால் உன்னைத் தலைமுழுகியதுபோல ஆகும். அடிக்காவிட்டால் பெற்ற பிள்ளை பேசமாட்டான். நீ ஆஸ்பத்திரிக் கணக்குப் பிரிவில் இருக்கிறவள். என்ன செய்வது என்று நீயே சொல்.

உன் மாமா

மார்ச் 9

அன்புள்ள மாமாவுக்கு,

கவரின் மேல் உங்கள் கோணல் கையெழுத்தைப் பார்த்ததும், உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று நினைத்துப் பயந்துவிட்டேன். பேங்க் விஷயம்தான் என்றதும் மூச்சு வந்தது.

முதலில் வரிப் பிடித்தம். அது பேங்க் கிள்ளியது இல்லை. வட்டி கொடுக்கும்போதே வரித்துறைக்காக முன்கூட்டி எடுத்து வைப்பது. உங்கள் வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லை. கணக்கு தாக்கல் செய்தால் பிடித்தது திரும்பி வந்துவிடும். காகிதங்களை அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்து ஃபண்ட். உங்கள் பணத்துக்கு வாங்கிய யூனிட்டுகள் அப்படியே இருக்கின்றன, ஒன்றுகூடக் குறையவில்லை. ஒரு யூனிட்டின் இன்றைய விலைதான் இறங்கியிருக்கிறது. இன்று விற்றால்தான் அது நஷ்டம். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றால் உள்ளே இருப்பவர்களிடம் என்ன சொல்வீர்கள்? "கதவை நெம்பிக் குதிக்காதீங்க, குதிச்சவன்தான் அடிபடுவான்." அதையே நான் உங்களுக்குச் சொல்கிறேன். ஐந்து வருடத்துக்கு அதைத் தொடும் தேவை உங்களுக்கு இல்லை என்று பார்த்துத்தானே போட்டோம்.

இனி நாமினி. 'அடித்துவிடுங்கள், எனக்கு வருத்தமே இல்லை' என்று எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டேன். வருத்தமாகத்தான் இருக்கும் மாமா. ஆனால் நீங்கள் இரண்டு பேரும் இல்லாத ஒன்றுக்குச் சண்டை போடுகிறீர்கள். நாமினி வாரிசு இல்லை. உங்கள் காலத்துக்குப் பிறகு பணத்தை யார் கையில் கொடுக்கலாம் என்று பேங்க் கேட்கிறது, அவ்வளவுதான். வாங்குகிற ஆள் அதை உரியவரிடம் சேர்க்க வேண்டும். உரியவர் யார் என்பதை உயில் சொல்லும். உயில் இல்லாவிட்டால், உங்களுக்கு இருக்கிற ஒரே வாரிசு அவர்தானே. என் கைக்கு வந்தாலும் அதில் ஒரு பைசா எனக்கில்லை. இதை அவரிடம் சொல்லுங்கள்.

அதன்பிறகும் அவர் பெயரைப் போடுவதுதான் வீட்டுக்கு நிம்மதி என்றால் போட்டுவிடுங்கள். உங்கள்மேல் கோபப்பட எனக்குத் தெரியாது.

அன்புடன்,
உங்கள் அம்மாடி

மார்ச் 16

அம்மாடி,

மார்மேல் இருந்த கல்லை யாரோ இறக்கி வைத்ததுபோல இருக்கிறது. நேற்று நன்றாகத் தூங்கினேன். ஃபண்டை விற்கவில்லை. வரிக் காகிதங்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் கடிதத்தை அவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று சத்தமாகப் படித்தேன். காதில் விழாததுபோல ஒரே டம்ளரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகு குழாயை மூடிவிட்டுச் சொன்னான்: "அவ பேரே இருக்கட்டும்ப்பா. என் கையில வந்தா ஒரு மாசத்துல ஊதித் தள்ளிடுவேன். அவகிட்ட போச்சுன்னா பைசா குறையாம கொண்டாந்து குடுத்துடுவா."

"இவ்ளோ நம்பிக்கை இருந்தா ஏன்டா பிரிஞ்சீங்க?" என்றேன்.

"எனக்கு அவமேல நம்பிக்கை இருந்துச்சு. அவ என்னை நம்புற மாதிரி நான் நடந்துக்கல." சொல்லிவிட்டு, அன்று என் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டான்.

இது அவன் உனக்குச் சொல்லச் சொன்னது இல்லை. நானாகத்தான் எழுதுகிறேன். உங்களைச் சேர்த்து வைக்கிற வேலையில் இறங்கிவிட்டேன் என்று நினைக்காதே. அந்தக் கதை முடிந்துவிட்டது என்று எனக்கும் தெரியும்.

இன்று பேங்குக்குப் போய், டைவர்ஸ் ஆனதையும் சொல்லி, பெயர் அப்படியே இருக்கட்டும் என்றேன். கவுன்ட்டரில் இருந்த பெண் ஒரு புதுச் சிக்கலைக் கிளப்பிவிட்டாள். "மருமகள்னு இருக்கே சார், இப்ப அது செல்லாதே. உறவுமுறை என்னன்னு போடறது?" கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். என்ன போட?

மாமா

மார்ச் 22

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் பிரித்துத் தொலைத்தேன். நான் அழுவதைப் பார்த்து, பக்கத்து மேஜைக்காரி என்னவோ ஏதோ என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். துக்கம் இல்லை, மாமா. நாலு வருடக் கசப்பில் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை, பாத்திரம் கழுவுகிற இடத்தில் வந்திருக்கிறது. எனக்கு அது போதும். அவரிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

உறவுமுறைக்கு அவ்வளவு யோசிக்க ஒன்றுமில்லை. படிவத்தில் கடைசியாக 'மற்றவை' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போடுங்கள். பக்கத்தில் விவரம் கேட்பார்கள். 'என்னை மாமா என்று கூப்பிடுகிறவள்' என்று எழுதுங்கள். அது செல்லாது என்று அந்தப் பெண் சொன்னால் பேசாமல் உட்கார்ந்திருங்கள். சனிக்கிழமை எனக்கு லீவு. நானே நேரில் வந்து பேசிக்கொள்கிறேன்.

அம்மாடி